தெருவோர உணவுப் பெட்டி: என்ன வைப்பது, எவ்வளவு வைப்பது? (மிச்சிகன்)

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். டெட்ராய்ட் பக்கத்தில் எங்கள் ஊர்த் தேவாலய வாசலில் சின்ன மரப்பெட்டி ஒன்று நிற்கிறது. யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். நவம்பர் முதல் அதை நிரப்பும் பொறுப்பைத் தமிழ்ச் சங்கம் ஏற்றிருக்கிறது. உள்ளளவு 24 அங்குல அகலம், 24 உயரம், 14 ஆழம். நடுவே ஒரு தட்டு. நன்கொடையாக 20 பவுண்ட் அரிசி மூட்டைகள், துவரம்பருப்பு, வீட்டு ஊறுகாய், சூப் கேன்கள் வந்திருக்கின்றன. அரிசியைச் சிறு பைகளில் பிரித்து வைக்கலாமா? தேதி தாண்டிய கேன்களை என்ன செய்வது? பனிக்காலத்தில் எவை ஆகாது? வைத்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் காலியாகிறதே, அதற்கு என்ன வழி?

செம்பருத்தி:

நம் வீட்டில் எது அடிப்படைச் சாப்பாடோ அதைக் கொடுக்கத்தான் நமக்கு மனசு வரும். ஆனால் அங்கே வருபவர்களில் பலருக்கு அடுப்பே கிடையாது. காரில் படுப்பவர் இருக்கிறார், மைக்ரோவேவ் மட்டுமே உள்ள மோட்டல் அறையில் குழந்தைகளோடு இருப்பவர் இருக்கிறார். துவரம்பருப்பை வேகவைக்க குக்கர் வேண்டும், அதோடு அது என்னவென்றும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் பெட்டியில் பாதி இடத்தை அப்படியே பிரித்துச் சாப்பிடுகிற பொருளுக்கு ஒதுக்குங்கள்: டியூனா, கோழி இறைச்சிப் பைகள் (கேன் அல்ல, கிழித்துத் திறக்கும் பை), 16 அவுன்ஸ் பிளாஸ்டிக் ஜாடியில் பீநட் பட்டர், கிராக்கர்ஸ், கிரானோலா பார், சிறு கோப்பைகளில் பழம்.

கேன் வாங்கினால் வளையத்தை இழுத்துத் திறக்கும் வகையாகப் பாருங்கள். அது இல்லையென்றால் இரண்டு கேன் ஓப்பனர்களையும் சேர்த்து வையுங்கள். அவற்றையும் எடுத்துப் போவார்கள். எடுத்துப் போகத்தான் வைக்கிறோம், மறுபடி வாங்கி வையுங்கள்.

மேக் அண்ட் சீஸ் (சீஸ் கலந்த மக்ரோனி) டப்பாவுக்குப் பாலும் வெண்ணெயும் வேண்டும். தண்ணீர் ஊற்றி மைக்ரோவேவில் வைக்கும் கோப்பை வகைதான் இங்கே உதவும். பான்கேக் மாவும் அப்படியே, "தண்ணீர் மட்டும் சேர்க்க" என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

அரிசியைப் பிரித்துக் கட்டாதீர்கள். பெயர், தேதி, ஒவ்வாமைக் குறிப்பு எதுவும் இல்லாத ஜிப் பையை முன்பின் தெரியாதவர் நம்பி எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. 1 அல்லது 2 பவுண்ட் கடைப் பொட்டலம் வாங்குங்கள். இல்லையென்றால் 90 விநாடியில் சூடாகும் வெந்த சோற்றுப் பை, 8.8 அவுன்ஸ். மூட்டைகளையும் துவரம்பருப்பையும் நாள்தோறும் சமைத்துப் போடும் கோயிலுக்கோ சீக்கியர்களின் குருத்வாராவுக்கோ கொடுத்தால் ஒரு பருக்கைகூட வீணாகாது.

தேதி விஷயம்: கேன்மேல் உள்ள "பெஸ்ட் பை" சுவைக்கான தேதி, கெட்டுப்போகும் தேதி அல்ல. தக்காளி, பழம் போன்ற புளிப்புள்ளவை 12 முதல் 18 மாதம் நன்றாக இருக்கும். பீன்ஸ், இறைச்சி, சோளம் 2 முதல் 5 வருடம். ஆனாலும் தேதி தாண்டியதைப் பொதுப்பெட்டியில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இல்லாதவருக்குக் கழிவைத் தள்ளிவிட்டதுபோல் ஆகிவிடும், வாங்குகிறவர் மனசு நோகும். குழந்தைப் பால்மாவில் மட்டும் சமரசமே இல்லை: தேதி ஒரு நாள் தாண்டினாலும் குப்பைக்குத்தான். உப்பிய கேன், துருப்பிடித்தது, விளிம்புத் தையலில் (மூடியும் உடலும் சேரும் இணைப்பில்) நசுங்கியது, இவை மூன்றும் கூடாது.

தச்சுக்கூடம்:

பனிக்காலத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பெட்டிக்குள் வெப்பநிலை வெளியே உள்ளதுதான். பலகை தடுப்பது காற்றையும் பனியையும் மட்டுமே. தண்ணீர் உள்ள எதுவும் உறைந்து விரியும். கண்ணாடி ஜாடி விரிசல் விடும். கேனில் தையல் லேசாக விட்டுப்போகும், கண்ணுக்குத் தெரியாது. உருகிய பிறகு அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். உறைந்து உப்பிய கேனை, மறுபடி தட்டையானாலும், தூக்கிப் போடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை சூப், பழக்கோப்பை, ஜூஸ், குடிநீர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓட்ஸ், நூடுல்ஸ், கொட்டைகள், பீநட் பட்டர், பால்பவுடர், கிராக்கர்ஸ் என்று உலர்ந்த பொருளுக்கு மாறுங்கள். கேன் கட்டாயம் வேண்டும் என்றால் ஆள் வரும் நேரத்தில் நாலைந்து வைத்து, இரவுக்குள் மிச்சத்தை உள்ளே எடுத்துவிடுங்கள். கையுறை, கம்பளிச் சாக்ஸ் வைக்க இதுவே காலம்.

கோடையில் சிக்கல் வேறு. வெயில் நேராக விழும் பெட்டிக்குள் சாக்லேட் பூசிய பார் உருகிவிடும், எண்ணெய்ப் பொருள் காறிப்போகும்.

எலிக்குக் கால் அங்குல இடைவெளி போதும். அடிப்பலகையில் தண்ணீர் வடிய ஓட்டை இருந்தால் உள்பக்கம் கால் அங்குலக் கம்பிவலை அடியுங்கள். கதவுச் சட்டத்தில் ரப்பர் பட்டை, மூடியதும் தானாகப் பிடித்துக்கொள்ளும் காந்தம், இரண்டும் அவசியம். கதவு ஒரு விரல் திறந்து கிடந்தால் ஒரே இரவில் கிராக்கர்ஸ் போய்விடும். பெட்டி நிற்கும் தூணை மாற்ற நேர்ந்தால் நம் மாநிலத்தில் மண் 42 அங்குலம்வரை உறையும் என்று கணக்கிட்டு அதற்குக் கீழே இறக்குங்கள். மேலோட்டமாக நட்ட தூண் வசந்தத்தில் சாய்ந்து நிற்கும். தோண்டும் முன் 811-ஐ அழைக்க வேண்டும். கேஸ் குழாய் எங்கே போகிறது என்று வந்து குறித்துக் கொடுப்பார்கள், கட்டணம் இல்லை.

மூன்றாம்படி:

பெட்டி காலியாவதைக் குறையாக எண்ணாதீர்கள். 2016 மே மாதம் ஆர்கன்சாவின் ஃபயட்வில்லில் ஜெசிகா மெக்ளார்ட் இதுபோன்ற முதல் "லிட்டில் ஃப்ரீ பேன்ட்ரி"யை (சின்ன இலவச உணவுப் பெட்டி) நட்டபோதே அதன் அடிப்படை, கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். ஒருவர் பத்துப் பொருளை எடுத்துப் போனால் வீட்டில் ஆறு பேர் இருக்கலாம், மூன்று வீட்டுக்குச் சேர்த்துக் கொண்டுபோகலாம். கேமரா வைத்தாலோ "ஆளுக்கு இரண்டு" என்று எழுதினாலோ முதலில் வராமல் போவது உண்மையிலேயே தேவைப்படுகிறவர்தான்.

மாற்ற வேண்டியது நீங்கள் நிரப்பும் முறை. சனிக்கிழமை ஒரே தடவையில் 40 பொருள் வைக்காமல், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பதினைந்து பதினைந்தாக வையுங்கள். இரு தடவை காலையில், ஒரு தடவை இரவு எட்டுக்கு மேல். வேலை முடிந்து இரவில் வருபவருக்கும் கிடைக்கும். மிச்சத்தை யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் வைத்திருங்கள்.

மிச்சிகனில் அரசின் ஸ்நாப் உணவு உதவி மாதத்தின் 3-ஆம் தேதியிலிருந்து 21 வரை ஆளுக்கொரு நாளில் வருகிறது. முதலில் வாங்கியவர்களுக்கு 20-க்கு மேல் கையிருப்பு தீரத் தொடங்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு இரண்டு பங்காக வைக்கப் பாருங்கள்.

இன்னொன்று: சோப்பு, டாய்லெட் பேப்பர், சானிட்டரி நாப்கின், டயப்பர், பற்பசை எதையும் ஸ்நாப் அட்டையில் வாங்க முடியாது. அதனால் கீழ்த்தட்டில் மூன்றில் ஒரு பங்கு இவற்றுக்குக் கொடுங்கள். டயப்பரை அளவு எழுதி ஆறு ஆறாகக் கட்டுங்கள். 4, 5, 6 அளவுகள் பெரும்பாலும் நன்கொடையில் வருவதில்லை. சோப்பை மூடிய பையில் போடுங்கள், இல்லையென்றால் ஓட்ஸில் வாசனை ஏறும்.

கதவின் உள்பக்கம் 211 என்ற எண்ணை ஒட்டுங்கள். அழைத்தால் பக்கத்து உணவு வங்கி, தங்குமிடம் எல்லாம் சொல்வார்கள். ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் அரபியிலும் எழுதுங்கள்.

நொய்யல்கரை:

மூவருக்கும் நன்றி. ஊறுகாய் மட்டும் மிச்சம். நிறையப் பெண்கள் ஆசையாகப் போட்டுக் கொடுத்தது, வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

செம்பருத்தி:

வேண்டாம் என்றே சொல்லுங்கள் அக்கா/அண்ணா. வீட்டில் அடைத்த பாட்டிலில் உப்பும் புளிப்பும் போதுமான அளவு இருக்கிறதா என்று எடுப்பவருக்குத் தெரிய வழியில்லை; குறைந்தால் பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு வரை போகும். உள்ளே கடுகோ எள்ளோ இருந்து ஒருவருக்கு ஒவ்வாமை என்றால் எச்சரிக்க லேபிளும் இல்லை. அதே ஊறுகாயைப் போட்டுக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்து, பதிலுக்கு டியூனாப் பைகள் வாங்கித் தரக் கேளுங்கள். காரணத்தையும் அவர்களிடம் சொல்லிவிடலாம்.