கயாக்குக்கும் துடுப்புக்கும் மரம் பார்க்கேக்கை

தம்பி, மரக்காலையிலை "வள்ளத்துக்கு" எண்டு கேட்டால் வைரம் பாய்ஞ்ச வேம்பையும் இலுப்பையையும்தான் காட்டுவினம். ஆணி அடிச்சுக் கட்டுற வள்ளத்துக்கு அது நல்லது. சிலாகை எண்ட மெல்லிய மரப் பட்டியளை ஒட்டிச் செய்யிற கயாக்குக்கு, அதுதான் ஒடுங்கின துடுப்புப் படகுக்கு, சரிவராது. இதிலை பலத்தைத் தாறது உள்ளையும் வெளியிலையும் எபொக்சிப் பிசினோடை ஒட்டுற கண்ணாடி நார்த்துணி. நடுவிலை நிக்கிற மரம் பாரமில்லாமல் இருந்தால் காணும். மலைவேம்பு கேளுங்கோ, சிங்களத்திலை லுணுமிதெல்ல. காய்ஞ்சால் கன மீற்றர் 400 கிலோ அளவிலை நிக்கும், தேக்கு 650. 14 அடிக் கயாக்கை 6 மில்லிமீற்றர் சிலாகையாலை மூட ஏறத்தாழ 0.025 கன மீற்றர் போகும். மலைவேம்பெண்டால் 10 கிலோ, தேக்கெண்டால் 16. தோளிலை தூக்கேக்கை அந்த 6 கிலோ தெரியும். மலிவெண்டு பனஞ்சிலாகைக்குப் போயிடாதேங்கோ, பாரமும் சிராம்பும்தான் மிச்சம்.

மேலை சொன்ன கணக்கோடை வாள் தின்னுறதையும் சேர்க்கவேணும். ஒவ்வொரு சிலாகைக்கும் 3 மில்லிமீற்றர் தூளாப் போகும். 20 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு அடி அகலப் பலகையிலை 33 சிலாகை அளவிலைதான் எடுக்கலாம். தேவை 70, கணு, வெடிப்பு கழிய மூண்டு பலகை வேணும். மாரிக்குள்ளை வாங்கின பலகையை உடனை அரியக் குடுக்காதேங்கோ. ஒரு முழத் துண்டைக் கிழமைக்கு ஒருக்கா நிறுங்கோ, நிறை இறங்காமல் நிண்டாப் பிறகு அரியலாம். எபொக்சியைக் காலமை பூசவேண்டாம். வெயில் ஏற மரத்துக்குள்ளை இருக்கிற காத்து விரிஞ்சு வெளியிலை வரும், துணிக்குக் கீழை குமிழ் குமிழா நிண்டிடும். பின்னேரம் மரம் ஆறேக்கை பூசினால் அந்தக் காத்துச் சுருங்கி, பிசினையும் உள்ளுக்கு இழுக்கும்.

துடுப்புக்குப் பாரம் இரண்டாம் பட்சம், மரத்தின்ரை இழை ஓடுற விதம்தான் முதல். பலகை நுனியிலை ஒரு துண்டை உளியாலை பிளந்து பாருங்கோ. பிளவு ஒரு அடிக்கு ஒரு அங்குலத்துக்கு மேலை சரிஞ்சு ஓடினால் அந்தப் பலகை வேண்டாம். தண்டும் அலகும் (தண்ணியைத் தள்ளுற தட்டைப் பக்கம்) சேருற இடத்திலை முறியும். நேர் இழைத் தேக்கை நடுத்தண்டுக்கு வைச்சு, அலகின்ரை இரண்டு பக்கமும் மலைவேம்பு ஒட்டலாம். தேக்கிலை எண்ணெய்ப் பசை இருக்கு. சீவின கையோடை அசிற்றோன் எண்ட கரைப்பானாலை துடைச்சு ஒட்டாட்டில் பொருத்து விட்டிடும். அலகு நுனியை மலைவேம்பாகவே விடாதேங்கோ. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் மாதிரி ஆழமில்லாத இடத்திலை கல்லும் மணலும் குத்தி நார் நாராப் போயிடும். 5 மில்லிமீற்றர் தேக்குப் பட்டி ஒட்டி, அதுக்கு மேலை துணியைச் சுத்தி விடுங்கோ.