புதுப்பிப்பு: கிளேஸ் பூசிய சுவரில் ஜாயின்ட் கோடு – தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஹால் சுவரில் கிளேஸ் (பெயின்டோடு கலந்து பூசும், மெதுவாகக் காயும் ஒளி ஊடுருவும் திரவம்) பூசித் துணியால் ஒற்றியெடுத்தால் பட்டைக்குப் பட்டை கருங்கோடு விழுகிறது என்று கேட்டிருந்தேன்.

காரணம் பேஸ் கோட்தான், அதாவது கிளேஸுக்கு அடியில் இருக்கும் பெயின்ட். நான் அடித்திருந்த மேட் எமல்ஷன் (பளபளப்பில்லாதது) கிளேஸின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுகிறது; ஓரம் காய்ந்துபோய், அடுத்த பட்டை அதன்மேல் ஏறும் இடத்தில் கோடு விழுகிறது. அதற்குப் பதிலாக சாட்டின் ஃபினிஷ் (லேசான பளபளப்புள்ளது) அடிக்கச் சொன்னவர் சொன்னதே பலித்தது. அது நன்றாகக் காய்ந்தபின் நான்கு பங்கு கிளேஸுக்கு ஒரு பங்கு பெயின்ட். ஒருவர் ரோலர், பின்னாலேயே இன்னொருவர் துணி. ஓரத்தில் ஆறு அங்குலம் ஒற்றாமல் ஈரமாக விட்டு, அடுத்த பட்டையை அதோடு சேர்க்க வேண்டும். ஃபேன் கூடவே கூடாது. தண்ணீர் மட்டும் கூட்டிப் பார்த்தால் வழிகிறது, கோடு போகவில்லை.

எதிர்பாராதது: புது பனியன் வேஸ்ட் துணியிலிருந்து நூல் உதிர்ந்து கிளேஸில் ஒட்டிக்கொண்டது. துவைத்த துணிதான் சரி. மூலையில் நிறம் தேங்காமலிருக்க எதிரெதிர்ச் சுவர்களை முதலில் முடித்து, காய்ந்ததும் டேப் ஒட்டி மற்ற இரண்டு.