அடிமை உருளையா, ஏற்புருளையா?

அன்புடையீர், வணக்கம்.

மிதியின் அழுத்தத்தைத் திரவத்தின் வழியே கடத்தி என்ஜினிலிருந்து கியர் பெட்டியைப் பிரிக்கும் ஹைட்ராலிக் கிளட்ச் காரில் உண்டு. அதிலுள்ள மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டுக்கும் தமிழ்க் கலைச்சொற்களாகத் 'தலைமை உருளை', 'அடிமை உருளை' என்று முந்தைய மடலில் முன்மொழிந்த பெயர்களை என்னால் ஏற்க இயலவில்லை. 'அடிமை' என்னும் சொல் உறுத்துகிறது என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பழுதைத் தேடுபவருக்கு அந்தப் பெயர் எந்த வழியும் காட்டுவதில்லை என்பது.

சென்ற மாதம் என் பழைய காரில் ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று பல் உரசும் ஓசை கேட்டது. வீட்டு வாசலில் நிறுத்தி நானே பார்த்தேன். மிதியை அழுத்தினால் மேலே உள்ள சிலிண்டரின் பிஸ்டன் திரவத்தைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கியர் பெட்டியை ஒட்டியிருக்கும் சிலிண்டர் அந்த அழுத்தத்தை ஏற்றுத் தன் தண்டை நீட்டி, கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோலை நகர்த்துகிறது. கீழே இருந்த சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினேன். உள்ளே ஈரமே இல்லை. மேலே திரவத்தைத் தேக்கி வைக்கும் கிண்ணத்திலும் மட்டம் குறையவில்லை. ஆனால் மிதியை மெதுவாக அழுத்திப் பிடித்திருந்தால் அது காலுக்கடியில் தானாகவே தாழ்ந்துகொண்டு போயிற்று. மேல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டதால், குழாய்க்குள் போக வேண்டிய திரவம் வாஷரைத் தாண்டி நழுவிக் கிண்ணத்துக்கே திரும்பியிருக்கிறது. செலுத்த வேண்டியது செலுத்தவில்லை. ஏற்க வேண்டியதன் மீது குற்றமில்லை. இப்படி மனத்துக்குள் சொல்லிக்கொண்டபோதே பெயர்களும் கிடைத்துவிட்டன: செலுத்துருளை, ஏற்புருளை.

ஜெர்மானியர் இவற்றைக் கேபர்சிலிண்டர், நேமர்சிலிண்டர் என்கிறார்கள். கொடுப்பது, கொள்வது என்று பொருள். கொள்வினை கொடுப்பினை என்று பேசும் நமக்கு அந்த இணை அந்நியமன்று. ஆயினும் 'கொள்' என்பதோடு 'உருளை' சேர்ந்தால் 'கொள்ளுருளை' என்றாகி, குதிரைக்குக் கொள்ளு அரைக்கும் கருவியோ என்று தோன்றும் என்பதால் 'ஏற்பு' என்பதைத் தேர்ந்தேன். பட்டறையில் வழங்கும் 'மேல் சிலிண்டர்', 'கீழ் சிலிண்டர்' போதுமே என்று கேட்கலாம். எளிமையான பெயர்கள்தான், ஆனால் சில கார்களில் இரண்டாவது சிலிண்டர் கியர் பெட்டியின் தண்டைச் சுற்றி வளையமாக உள்ளேயே அமர்ந்திருக்கிறது, அதை மாற்றக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். இடத்தை வைத்து இட்ட பெயர் அங்கே பொருந்தாது, செயலை வைத்து இட்ட பெயர் பொருந்தும். கிளட்ச்சைக் கிளட்ச் என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்து, இந்தச் சிலிண்டர்களில் ஓடும் திரவத்துக்கு 'எண்ணெய்' என்னும் பெயர். பட்டறையில் அதைப் 'பிரேக் ஆயில்' என்பது வழக்கு என்றாலும், கலைச்சொல்லில் அதை எண்ணெய் ஆக்க வேண்டாம் என்று வற்புறுத்திக் கேட்கிறேன். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் தரக் குறியீடு அச்சிட்டு வருவது கிளைக்கால் ஈதர் என்னும் வேதிப்பொருள் வகைத் திரவம், எண்ணெயன்று. பெயரை நம்பி ஒருவர் என்ஜின் ஆயிலைக் கிண்ணத்தில் ஊற்றினால், உள்ளேயுள்ள ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும். 'கிளட்ச் திரவம்' என்றால் போதும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 திரவத்தின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் சேர்ந்தபின் 140 வரை இறங்கலாம். தண்ணீரே எதிரியாக இருக்கும் அமைப்புக்கு, 'ஹைட்ராலிக்' என்பதைத் தமிழாக்கி 'நீரியல்' என்று பெயர் வைத்திருப்பது வேடிக்கைதான், ஆனால் அது நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே வரும் பிழை.

வாஷரை மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலைக்கு 'வடித்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சோறு வடிக்கும்போது கஞ்சியை நீக்குவதே நோக்கம். இங்கே திரவம் வெளியே வருவது காற்றைக் கூட்டிக்கொண்டு வரத்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு நான் கீழே படுத்திருக்க, மகள் மிதியின் மேல் கால் வைத்திருந்தாள். அவள் அழுத்திப் பிடித்ததும் கீழ் சிலிண்டரில் காற்றை வெளிவிடும் திருகைத் தளர்த்தினேன். ஒளிபுகும் குழாய் வழியே பழுப்புத் திரவமும் நுரையும் பாட்டிலுக்குள் இறங்கின. திருகை இறுக்கிய பிறகே "விடும்மா" என்றேன். குமிழி வருவது நிற்கும்வரை, கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொண்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்தோம். மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுக்கிறது' என்பார்கள். 'காற்றெடுப்பு' என்று அதையே கொள்ளலாம். என்ஜினுக்குள் காற்று போவதோடு குழம்பும் என்ற தயக்கம் இருந்தால், என்ஜின் காற்றை உள்ளே இழுப்பதற்குக் 'காற்றிழுப்பு' என்று வைத்துக்கொள்வோம். 'காற்றுப் பிடுங்கல்' என்று மட்டும் வேண்டாம். அது பக்கத்து வீட்டுச் சைக்கிளுக்குச் சிறுவர்கள் செய்வது.

அந்தத் திருகு 'காற்றெடுப்புத் திருகு' ஆகட்டும். அதன் வாயில் தூசி புகாமல் மூடும் சிறு ரப்பருக்குப் பட்டறையில் சொல்லும் 'தொப்பி'யைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை.