டயர் தூள் சேர்த்த நடைபாதைக் கற்கள்: வலிமை ஏன் இவ்வளவு குறைகிறது?

கேள்வி (பேவர் பிளாக் தயாரிப்பாளர், நாமக்கல்)

வணக்கம். லாரித் தொழில் நடக்கும் ஊர் என்பதால் இங்கே தேய்ந்த டயருக்குப் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் அவற்றில் தேங்கும் நீரில் டெங்குக் கொசு பெருகுகிறது. எரித்தால் தெருவெங்கும் கரும்புகை. நம் தொழிலிலேயே இதற்கு ஒரு வழி காண வேண்டும் என்றுதான், எம் சாண்டில் (கல்லை அரைத்த மணல்) பத்து சதவீதத்தைக் குறைத்து, டயர் தூள் சேர்த்துக் கல் வார்க்கிறோம்.

ஒரு மூட்டை சிமென்டுக்கு எம் சாண்ட் 67.5 கிலோ, டயர் தூள் 7.5 கிலோ. ஜல்லியை மாற்றவில்லை. கலவை இறுகியதால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விட்டோம். 28 நாள் கழித்து கான்கிரீட் கனசதுரத்தை நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனையில் சாதாரணக் கலவையின் வலிமை 33 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்), ரப்பர் கலவை 18 எம்.பி.ஏ. கல்லை உடைத்துப் பார்த்தால், வார்க்கும்போது மேலே இருந்த பக்கத்தில் கருந்துகள் குவிந்திருக்கின்றன, சுரண்டினால் உதிர்கின்றன. சில கற்களில் துருப்புள்ளிகளும் உண்டு. சிமென்டைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் (கட்டுமானப் பொறியாளர், சேலம்)

கூட்ட வேண்டாம், செலவுதான் ஏறும். பத்து சதவீதத்தை எடைக் கணக்கில் மாற்றியிருக்கிறீர்கள். எம் சாண்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) ஏறத்தாழ 2.6, டயர் ரப்பருக்கு 1.15தான். 7.5 கிலோ மணல் பிடிக்கும் இடம் சுமார் 2.9 லிட்டர், அதே எடை ரப்பர் 6.5 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும். ஆக, மணலும் ரப்பரும் சேர்ந்த கனஅளவில் ரப்பரின் பங்கு இருபது சதவீதம் ஆகிவிட்டது. கனஅளவில் பத்து என்றால் மூட்டைக்கு 3.3 கிலோ தூள் போதும்.

ரப்பர் சுமையைத் தாங்காது. கான்கிரீட்டுக்குள் அது கிட்டத்தட்ட வெற்றிடம்தான். விரிசல் அதன் ஓரத்திலிருந்தே தொடங்கும். 1993-இல் எல்டின், செனூசி இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஜல்லிக்குப் பதிலாக முழுவதும் டயர் துண்டுகளைப் போட்டபோது அழுத்த வலிமை 85 சதவீதம் வரை சரிந்தது. மணலுக்குப் பதிலாகப் பொடித்த ரப்பர் போட்டபோது சரிவு 65 சதவீதம் வரை. ஆகவே தூளைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு, அளவுதான் மிகுந்துவிட்டது.

துகள் மேலேறியதற்குக் கூடுதல் தண்ணீரும் நீண்ட நேர அதிர்வும் காரணம். தண்ணீரைப் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். இளக்கம் வேண்டுமானால், தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். அதிர்வு மேசையில் வைக்கும் நேரத்தையும் குறையுங்கள். துரு, டயரின் எஃகுக் கம்பியிலிருந்து வருவது. கலக்கும் முன் தூளைக் காந்தத்தால் துழாவி எடுங்கள்.

பதில் (பொருள் சோதனைக்கூடம், கோவை)

இதோடு ஒன்று: ரப்பரின் மேற்பரப்பு தண்ணீரை ஏற்காது, சிமென்ட் பசையும் ஒட்டாது. காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்து, தூளை அதில் அரை மணி நேரம் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் பிடிமானம் கூடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பதில் (ஹாலோ பிளாக் பட்டறை, ஈரோடு)

தம்பி, சிறு பட்டறையில் காஸ்டிக் வேண்டாம் என்பேன். கழுவிய நீரை எங்கே விடுவீர்கள்? கிணறு பக்கத்திலேயே இருக்கும். அந்த முறையின் பலனும் எல்லாச் சோதனையிலும் ஒரே மாதிரி வரவில்லை. வெறும் தண்ணீரில் கழுவித் தூசியைப் போக்கி, முதலில் தூளைச் சிமென்ட் பாலில் புரட்டிவிட்டு, பிறகு மணலும் ஜல்லியும் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி, ஐயா. அப்படியே செய்கிறேன். ஒரு வாடிக்கையாளர் இதே கலவையில் லிண்டல் வார்த்துத் தரச் சொல்கிறார். செய்யலாமா?

பதில் (கட்டுமானப் பொறியாளர், சேலம்)

கூடாது. தூண், உத்தரம், லிண்டல், கூரை எதற்கும் இதைக் கொடுக்காதீர்கள். நடைபாதை, பூங்கா, முற்றம் போதும். அங்கே அடி தாங்கும் குணம் பயன்படும்.

அடுத்த கியூப்களை உடைக்கும் முன் எடை போடுங்கள். சாதாரணக் கலவையில் 150 மி.மீ. கியூப் 8 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 3.3 கிலோ கணக்கில் தூள் சேர்த்தால் நூறு, நூற்றைம்பது கிராம்தான் குறைய வேண்டும். எடை அதைவிட அதிகமாகக் குறைந்தால் ரப்பரோடு காற்றும் உள்ளே சிக்கியிருக்கிறது. ஒரு சதவீதக் காற்றுக்கு ஏறத்தாழ ஐந்து சதவீத வலிமை போகும். அப்போது எடைக் குறிப்பை இங்கே பதியுங்கள், கலக்கும் முறையைச் சேர்ந்து பார்ப்போம்.