வெயில் கொளுத்தும்போதே கூரைச் சோலார் நின்றுவிடுவது ஏன்?

புக்கிட் மெர்தாஜாம்வாசி கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பலகைகள் பொருத்தியிருக்கிறோம். சென்ற வாரம் நண்பகலில் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மின்சாரம் தடைப்பட்டது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தும் வீட்டில் ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. பலகைகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்சாரம் திரும்பிய சில நிமிடங்களில் அது தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கியது. பொருத்தியவரைக் கேட்டால் “அது அப்படித்தான்” என்கிறார். இதோடு இன்னோர் ஐயமும் உண்டு. பிறை மின்நிலையத்தில் எரிவாயு, கென்யீர் அணையில் தண்ணீர், என் கூரையில் வெயில் என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூலங்களிலிருந்து வரும் மின்சாரம் ஒரே கம்பியில் எப்படிச் சேர்கிறது?

பட்டர்வொர்த் சுழலிக்காரன்:

மின்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் உங்கள் இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றது பாதி தெளிந்தாயிற்று.

மூலம் எதுவானாலும் கம்பிக்குள் நுழைவதற்கான நிபந்தனை ஒன்றுதான்: நம் மலேசியாவில் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைய வேண்டும், தீபகற்பத்தின் எல்லா மின்னாக்கிகளின் (ஜெனரேட்டர்களின்) அலைகளும் ஒத்த கதியில் ஏறி இறங்க வேண்டும். பிறையில் உள்ள 1071 மெகாவாட் நிலையத்தில் எரிவாயு எரிந்து விரியும் காற்று ஒரு சுழலியை (டர்பைனை) சுற்றுகிறது; அதோடு இணைந்த மின்னாக்கியும் சுற்றுகிறது. இவ்வகை நிலையங்களில் அந்தச் சுழலியை விட்டு வெளியேறும்போதும் புகையில் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பம் மிஞ்சியிருக்கும்; அதைக் கொண்டு நீராவி எடுத்து இரண்டாவது சுழலியையும் சுற்றுவதால்தான் எரிபொருளின் ஆற்றலில் 60 விழுக்காடு வரை மின்சாரமாகிறது. கென்யீரில் நெருப்பே கிடையாது. அணையிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே நான்கு 100 மெகாவாட் சுழலிகளைச் சுற்றுகிறது. நீர்ச்சுழலி மெதுவாகச் சுற்றுவது. ஆனால் அந்தக் குறையை மின்னாக்கியின் காந்தத் துருவங்கள் ஈடுகட்டிவிடும்: நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் மின்னாக்கிக்கு இரண்டு துருவம் போதும், 300 சுற்றுதான் என்றால் இருபது துருவம் வேண்டும், இரண்டிலும் கிடைப்பது அதே 50 அலைதான்.

புதிதாக ஒரு மின்னாக்கியைக் கம்பியோடு இணைக்கும் கணம்தான் எனக்கு இன்றும் பிடித்தது. கட்டுப்பாட்டு அறையில் ஒத்திசைவு காட்டும் கருவியின் முள் சுழன்றுகொண்டிருக்கும். சுழலியின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தத் திருத்த முள்ளும் நிதானப்படும். அது பன்னிரண்டு மணி நிலையைத் தொடும்போது பிரேக்கரை, அதாவது இணைப்புச் சுவிட்சை, மூடி இணைக்க வேண்டும். பெரிதும் பிசகினால் தண்டே முறியும் அளவுக்கு விசை வந்து தாக்கும். இப்போது இதைக் கணினி செய்கிறது என்றாலும், அந்த முள்ளைப் பார்க்காமல் இருக்க எங்களுக்கு மனம் வராது.

இணைந்துவிட்டால் எல்லாச் சுழலிகளும் ஒன்றாகத்தான் ஓடும். நீங்கள் எல்லாரும் மாலையில் ஏர்கோனை (குளிர்சாதனத்தை) தட்டும்போது அத்தனை சுழலிகளின் வேகமும் இம்மியளவு குறையும். அந்தக் குறைவையே அறிகுறியாகக் கொண்டு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி சுழலிக்கு எரிவாயுவோ நீரோ விடும் வால்வை இன்னும் திறக்கிறது. வால்வு திறக்கும் வரையிலான இடைவெளியைத் தாங்குவது, சுற்றிக்கொண்டிருக்கும் பல நூறு டன் எஃகில் சேர்ந்திருக்கும் ஆற்றல். இந்தச் சமநிலை ஒட்டுமொத்தமாகக் குலைந்தால் என்ன ஆகும் என்பதை 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்பம் முழுவதும் இருண்டபோது பார்த்தோம்.

செராஸ் சோலார்:

நான் கோலாலம்பூரில் சோலார் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். பட்டர்வொர்த் ஐயா சொன்ன அந்தச் சுற்றும் எஃகு சோலாரில் கிடையாது; முதல் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

பலகைகள் தருவது நேர்திசை மின்னோட்டம். தொடராக இணைத்த பலகைகளிலிருந்து சில நூறு வோல்ட் இறங்கி வரும். அதை இன்வெர்ட்டர் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி 230 வோல்ட் அலையாக வார்க்கிறது. நல்ல இன்வெர்ட்டர் இதில் இழப்பது இரண்டு மூன்று விழுக்காடுதான். ஆனால் அலை எந்தக் கணத்தில் ஏற வேண்டும் என்பதைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தானாக முடிவு செய்வதில்லை. தெருக் கம்பியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே அதைப் பின்தொடர்கிறது. கம்பியில் அலை நின்றால் பின்தொடர எதுவுமில்லை. அதைவிட முக்கியமானது உயிர்ப் பாதுகாப்பு: மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியில் கை வைக்கும் பணியாளரை உங்கள் கூரை மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காகவே, ஓரிரு விநாடிக்குள் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. மின்சாரம் வந்த பிறகும் சில நிமிடம் காத்திருந்து, அலை நிலையாக இருக்கிறதா என்று பார்த்த பின்பே இணைகிறது. ஆகவே நீங்கள் பார்த்தது பழுது அன்று. “அது அப்படித்தான்” என்பதோடு நிறுத்தாமல் அவர் இதையும் சொல்லியிருக்கலாம்.

விலகாமல் இருந்தாலும் வீட்டை நிம்மதியாக ஓட்ட முடியாது. ஒரு மேகம் கடந்தால் பலகையின் வரத்து சட்டென்று விழும். குளிர்பெட்டியின் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும். இரண்டுக்கும் இடையே தாங்கிப்பிடிக்க அங்கே எதுவும் இல்லை.

புக்கிட் மெர்தாஜாம்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் பேட்டரி வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

செராஸ் சோலார்:

பேட்டரி மட்டும் போதாது. தானே அலையை உண்டாக்கக்கூடிய இன்வெர்ட்டர் வேண்டும். அதோடு, தடை ஏற்பட்டவுடன் வீட்டைத் தெருக் கம்பியிலிருந்து முழுமையாகத் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்சும் வேண்டும். அப்போது பலகைகளின் பழைய இன்வெர்ட்டர், தெருக் கம்பிக்குப் பதிலாகப் பேட்டரி இன்வெர்ட்டரின் அலையைப் பின்தொடரும். பெரும்பாலும் விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றைத்தான் இதில் இணைப்போம்; குளியலறை வாட்டர் ஹீட்டர், ஏர்கோன் இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. பேட்டரி நிரம்பிய பின்பும் வெயில் அடித்துக்கொண்டிருந்தால் மிஞ்சும் மின்சாரம் போக இடமிருக்காது. அப்போது பேட்டரி இன்வெர்ட்டர் அலைவெண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை அலை என்பதை, 50-இலிருந்து 51, 52 என்று வேண்டுமென்றே உயர்த்தும். அதை உணர்ந்து சோலார் இன்வெர்ட்டர் தன் வரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐயா சொன்ன வால்வுக்கு வந்து சேரும் அதே வகைச் சேதிதான் இதுவும். உங்களிடம் உள்ள சோலார் இன்வெர்ட்டர் இதற்குப் படிப்படியாகப் பணியுமா, அல்லது ஒரேயடியாக நின்றுவிடுமா என்று, பேட்டரிக்கு முன்பணம் கட்டும் முன்பே அதன் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.