தொகுதிக்கு வெளியே வாழ்வோர் வாக்களிக்க எந்த முறையைக் கோரலாம்? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வேலைக்காகவும் படிப்புக்காகவும் தங்கள் தொகுதியை விட்டு வெளியே வாழ்வோர் எளிதாக வாக்களிக்க வழி செய்யக் கோரி ஒரு மனு எழுதி வருகிறேன். அஞ்சல் வாக்கை எல்லோருக்கும் தர வேண்டும் என்று தொடங்கிவிட்டேன். ஆனால் இரண்டு இடங்களில் சிக்கிக்கொண்டேன். வேட்பாளர் பட்டியல் இறுதியான பிறகே வாக்குச்சீட்டு அச்சாகும் என்பதால், அது போய்ச் சேர்ந்து திரும்பி வர நாள் போதவில்லை. சென்ற முறை எனக்கு அனுப்பிய சீட்டு, வாக்குப்பதிவு முடிந்த மூன்றாம் நாள் வந்தது. அந்த உறையைப் பிரிக்க மனமின்றி அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்து, சீட்டை அனுப்பியவர் யார் என்று சரிபார்க்கவும் வேண்டும், அவர் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரியவும் கூடாது. இதற்கு இணையவழி வாக்களிப்பையே கேட்டுவிடலாமா?

மறுமொழி 1:
ஐயா, உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு இரட்டை உறை முறை இருக்கிறது. வெளியுறையைப் பிரித்து, உறுதிமொழிப் படிவத்தைச் சரிபார்த்த பிறகே, சீட்டு இருக்கும் உள்ளுறையை மற்றவற்றோடு கலந்து பிரிப்பார்கள். நான் வாக்கு எண்ணும் பணியில் இருந்தபோது, உறுதிமொழிப் படிவத்தையும் உள்ளுறைக்குள்ளேயே வைத்து, பசை தடவி, அதன்மேல் ஒட்டுநாடாவும் போட்டு அனுப்பியிருந்த உறைகளைப் பார்த்தேன். படிவத்தைத் தேடி உள்ளுறையைப் பிரித்தால் வாக்கின் இரகசியம் போய்விடும். ஆகவே அவற்றைப் பிரிக்காமலே தள்ளினோம். அவ்வளவு அக்கறையோடு ஒட்டியவரின் வாக்கு அது என்பது இன்றும் உறுத்துகிறது. இரு உறைகளுக்கும் வெவ்வேறு நிறமும், எதை எதற்குள் வைப்பது என்று காட்டும் படமும் வேண்டுமென மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

நாள் போதாமைக்கு ஒவ்வொரு நாடும் ஒரு முனையைப் பிடித்திருக்கிறது. அமெரிக்கா 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால், படையினருக்கும் வெளிநாட்டில் வாழ்வோருக்கும் கூட்டாட்சித் தேர்தல் சீட்டுகளை 45 நாள் முன்பே அனுப்பச் சொன்னது. ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சித் தேர்தலில், உரிய நேரத்துக்குள் நிரப்பிய அஞ்சல் வாக்கு, வாக்குப்பதிவுக்குப் பின் 13 நாள்களுக்குள் வந்து சேர்ந்தாலும் ஏற்கப்படுகிறது. இந்தியாவில் படைவீரர்களுக்குச் சீட்டு மின்னணு வழியில் போகிறது. அதை அச்சிட்டு, வாக்களித்து, அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தாலேயே போகும் வழியின் தாமதம் நீங்கிவிடுகிறது.

மறுமொழி 2:
இணையவழியைக் கோருமுன் சற்று யோசியுங்கள். வீட்டில் பக்கத்தில் நின்று ஒருவர் வற்புறுத்தினால் யார் தடுப்பது என்ற கேள்வி அஞ்சலிலும் உண்டு, இணையத்தில் இன்னும் கூர்மையாக உண்டு. 2005 முதல் இணையவழியில் வாக்குப் பெறும் எஸ்தோனியா, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசியாக அளித்ததே செல்லும், நேரில் தாளில் வாக்களித்தால் மின்வாக்கு நீங்கிவிடும் என்று விதி செய்தது. ஆனால் அந்த ஏற்பாடு, மின் கையொப்பம் இடக்கூடிய அடையாள அட்டை மக்களின் கையில் இருப்பதை நம்பி நிற்கிறது.

வாக்காளர் இருக்கும் இடத்துக்கே சாவடியைக் கொண்டுபோவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவில் தன் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் தன் தொகுதிக்கான சீட்டைப் பெற்று வாக்களிக்கலாம். அது உறையிலிட்டு உரிய தொகுதிக்குப் போய், சரிபார்த்த பின் எண்ணப்படுகிறது. இந்தியாவில் 2019 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை. 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகள் வரை கையாளக்கூடிய தொலைவாக்குக் கருவியின் மாதிரியை அறிவித்தது. அப்போது எழுந்த கேள்விகள் கருவியைப் பற்றியவை மட்டும் அல்ல: புலம்பெயர்ந்த வாக்காளர் என்று யாரைச் சொல்வது, தொலைவிலுள்ள சாவடியில் எல்லா வேட்பாளர்களின் முகவர்களும் எப்படி உட்காருவது, தேர்தல் நடக்காத மாநிலத்தில் நடத்தை விதிகளை எப்படிச் செயல்படுத்துவது? உங்கள் மனு இவற்றுக்கு விடை சொன்னால்தான் நிற்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இணையவழிப் பத்தியை நீக்கிவிட்டு, தொலைவிலுள்ள சாவடியை முதல் கோரிக்கையாகவும், முன்கூட்டியே அனுப்பும் அஞ்சல் சீட்டை அடுத்ததாகவும் எழுதுகிறேன். சிறு வேட்பாளர் ஒருவரால் எல்லா ஊர்களுக்கும் முகவர் அனுப்ப முடியாதே, அதற்கு என்ன எழுதலாம்?

மறுமொழி 2:
சில சுயேச்சைகள் சேர்ந்து ஒரே முகவரை நியமிக்க அனுமதி கேளுங்கள். உறைகளுக்கு முத்திரையிடுவதையும், உரிய தொகுதியில் அவற்றைப் பிரிப்பதையும் எல்லோர் முன்னிலையிலும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்றும் சேருங்கள்.