பிரார்த்தனையில் உட்கார்ந்தாலும் மனசு நிற்கவில்லை, என்ன செய்வது?

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு பயாப்சி எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் வர இன்னும் நாளாகும் என்கிறார்கள். இதற்கு நடுவில் அவர் வேலை நிலைக்குமா என்பதும் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே கடவுள் நம்பிக்கையோடு வளர்ந்தவள் நான். ஆனால் இப்போது கண்ணை மூடினாலே அந்த ரிப்போர்ட்தான் முன்னால் வந்து நிற்கிறது, வாய் பாட்டுக்கு ஜெபித்துக்கொண்டிருக்கிறது, மனசு "அப்படி இருந்துவிட்டால் பிள்ளைகள் கதி என்ன" என்று எங்கேயோ போய்விடுகிறது. இவ்வளவு பயப்படுகிறேன் என்றால் என் நம்பிக்கை குறைந்துவிட்டதா? தோழி ஒருத்தி மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் கவனத்தை வைக்கும் பயிற்சி, பழகச் சொல்கிறாள். அது நம்பிக்கைக்கு மாறானதா, இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

ஓடக்கரை:
சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பயம் வந்ததால் நம்பிக்கை போய்விட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பைபிளில் சங்கீதங்களைத் திறந்து பாருங்கள், அதில் எத்தனை முறையீடுகள்! 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கடவுளிடமே திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தொடங்குகிறது. கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன், மனதை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் கடினம் என்று நேரிலேயே சொல்லிவிடுகிறான். கண்ணன் அவனைத் திட்டவில்லை, ஆமாம் கடினம்தான், பழகப் பழகத்தான் வரும் என்கிறார். நம்பியவர்கள் எல்லோரும் கலங்கித்தான் இருக்கிறார்கள்.

என் மனைவிக்கு முடியாமல் இருந்தபோது நான் கண்டது இது. "நல்ல ரிசல்ட் கொடு, நல்ல ரிசல்ட் கொடு" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் ஜெபமும் ரிப்போர்ட்டையே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் ஒரு தடவை மனசாரக் கேட்டுவிடுங்கள், அப்புறம் "எனக்குப் பயமாக இருக்கிறது, இன்றைக்கு ஒரு நாள் என் கூட இரு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அதுவும் ஜெபம்தான். பிறகு எதையும் கேட்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். எனக்கு ஆறுதல் கிடைத்தது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

நிதானம்:
நான் பல வருடமாக மைண்ட்ஃபுல்னெஸ் பழகுகிறேன், நம்பிக்கைக்கு மாறானது இல்லை என்பேன். இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது, உண்மை. ஆனால் இன்றைக்கு மருத்துவமனைகளில் சொல்லித்தருவது ஜான் கபட்-ஸின் 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய 8 வாரப் பயிற்சியின் வழி வந்தது. தீராத வலியோடு வாழ்பவர்களுக்காக, எந்த மதத்தையும் சாராமல் அமைத்தது. அதோடு நாம ஜெபம், இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சூஃபிகளின் திக்ரு, மூச்சோடு சேர்த்து இயேசுவின் பெயரைச் சொல்லும் கிழக்குத் திருச்சபை மரபு எல்லாமே கவனத்தை ஒரே இடத்துக்குத் திரும்பக் கூட்டிவருகிற வேலையைத்தான் செய்கின்றன.

மனசு ஓடுவது தோல்வி இல்லை. "அட, ஓடிவிட்டது" என்று தெரிந்து திரும்ப வருகிறீர்களே, அந்த நொடிதான் பயிற்சி. வழிமாறிப் போன குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்துவருவதுபோல, அதட்டாமல் கூட்டிவாருங்கள். கண்ணை மூடினால் ரிப்போர்ட் வருகிறது என்கிறீர்கள், அப்படியானால் மூட வேண்டாம். கண்ணைத் திறந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீளமாக்குங்கள். மூச்சை விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகும், அதனால் உடம்பு முதலில் அடங்கும், மனசு பின்னால் வரும். வெளிமூச்சில் உங்கள் கடவுளின் பெயரையே சொல்லலாம். போன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்கிறதா? எடுப்பதற்கு முன் இப்படி ஒரே ஒரு மூச்சு விட்டுவிட்டு எடுங்கள்.

கடலோடி:
மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் அதைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அப்புறம் இறைவன் மேல் பொறுப்பை விடு என்பது நபிமொழி. ரிசல்ட் எப்போது வரும், யாரைக் கூப்பிட வேண்டும், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள், கணவரையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு. அவரும் இதே பயத்தை உங்களிடம் சொல்லாமல் வைத்திருப்பார். இன்னொன்று, தூக்கமும் பசியும் தொடர்ந்து இல்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது நம்பிக்கைக்குக் குறைவு இல்லை.

மழைத்துளி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. படித்துவிட்டு அழுதுவிட்டேன். இன்னும் ஒன்றே ஒன்று, நடு இரவில் விழிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? அந்த நேரம்தான் தாங்க முடியவில்லை.

நிதானம்:
படுத்தபடியே அதோடு மல்லுக்கட்டாதீர்கள் அம்மா. எழுந்து உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள், நோயைப் பற்றித் தேடவே தேடாதீர்கள். ரொம்ப மனப்பாடமான ஒரு பிரார்த்தனையை, உதடு அசைகிற சத்தத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று மெதுவாகச் சொல்லுங்கள். வரி விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தூக்கம் வந்தே தீர வேண்டும் என்று பார்க்காதீர்கள், கண் தானாகச் சொருகும்போது படுத்துக்கொண்டால் போதும்.